தாள் அனுப்ப வேண்டாம்

ஏப்ரல் 10

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் அக்காவும் மருமகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் தொடங்கிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் தங்கை என்னை ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இது உங்களுக்குத் தெரியாதது அல்ல, பத்திரத்தில் உங்கள் பெயரும் இருக்கிறது. போன வாரம்தான் அதை முழுக்கப் படித்தேன். பதினான்கு பக்கம். நோய் இன்னது என்று தெரிந்த அதே வாரம் போய் எழுதியிருக்கிறாள். முப்பத்தாறு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள், எனக்காகப் பதினான்கு பக்கத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் போய் மூன்று மாதம் ஆகிறது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அது டிரஸ்ட் கம்பெனி என்று சொன்னதும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வீட்டை ஏதோ தர்மத்துக்கு எழுதிவைத்துவிட்டாள், இங்கே இலவச மருத்துவமனையோ படிப்பு உதவி அலுவலகமோ வரப்போகிறது, நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். எதிர்வீட்டுத் தையல்காரரும் அப்படியே நினைத்து, இனி எங்கே தங்கப்போகிறீர்கள் என்று பரிதாபப்பட்டார். அதன் பிறகு கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து உட்கார்ந்து விளக்கினாள்.

அவள் பெயரில் இருந்த வீடு இப்போது கம்பெனியின் பெயரில் இருக்கிறது, ஆனால் கம்பெனியின் சொத்து இல்லையாம். எனக்காக அவர்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்களாம். நான் உள்ளவரை இங்கே குடியிருக்கலாம். மாடி வாடகையை அவர்கள் வாங்குவார்கள், வரி கட்டுவார்கள், குழாய் ஒழுகினால் ஆள் அனுப்புவார்கள், மிச்சம் மாதாமாதம் எனக்கு வந்துவிடும். எனக்குப் பிறகு வீடு உங்கள் மகளுக்கு. விற்கவோ அடகு வைக்கவோ என்னால் முடியாது. அவர்களும் பத்திரத்தில் எழுதியதைத் தாண்டி ஒரு செங்கல்லை நகர்த்தக் கூடாது. அப்படியானால் இது யாருடைய வீடம்மா என்று கேட்டேன். "உங்க வீடுதான் சார், ஆனா உங்க பேர்ல இல்ல. எங்க பேர்ல இருக்கு, ஆனா எங்க வீடு இல்ல" என்றாள். முப்பத்து நான்கு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். மேலே போவதும் தெரியும், கீழே வருவதும் தெரியும். இப்படி இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கிற சொத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

விடாமல் கேட்டேன். உங்கள் கம்பெனியே மூழ்கிப்போனால்? போனாலும் அவர்களுடைய கடன்காரர்கள் இந்த வீட்டைத் தொட முடியாதாம். ஒவ்வொருவர் சொத்தையும் தனித்தனியாக, தங்கள் பணத்தோடு கலக்காமல் வைத்திருப்பார்களாம். இன்னொரு கம்பெனி வந்து பொறுப்பை எடுத்துக்கொள்ளுமாம். வேறு யாரெல்லாம் உங்களிடம் இருக்கிறார்கள் என்று கேட்டேன். பெயர் சொல்லாமல் சொன்னாள். அப்பா அம்மா இருவரையும் ஒரே விபத்தில் இழந்த குழந்தைகளின் படிப்பு. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத ஒரு மகனின் சாப்பாடும் வைத்தியமும். உயில் எழுதிவைத்துவிட்டுக் காலமானவர் வீட்டில் கரண்டி முதல் கட்டில் வரை பட்டியல் போட்டு உரியவர்களுக்குச் சேர்ப்பது. அந்த வரிசையில் இப்போது நானும் சேர்ந்திருக்கிறேன். லிஃப்டைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு என்ன மரியாதை பாருங்கள்.

ஏன் இப்படிச் செய்தாள் என்று தெரியாத மாதிரி நான் நடிக்கவில்லை. யார் தாளை நீட்டினாலும் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவன் நான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. பதினோரு வருஷத்துக்கு முன் ஸ்பேனர் என்று நாங்கள் கூப்பிடுவோமே, என்னோடு வேலை பார்த்தவன், அவன் கடன் வாங்கிவிட்டு ஊரை விட்டே ஓடினான். நான் நீட்டிய தாளில் உங்கள் தங்கையும் கையெழுத்துப் போட்டிருந்தாள். வாசற்கதவில் பேங்க் நோட்டீஸ் ஒட்டினார்கள். நீங்கள் உங்கள் மனையை விற்று வீட்டை மீட்டுக் கொடுத்தீர்கள். அன்று இறங்கிப் போனவர் அதன் பிறகு இந்த வாசற்படி ஏறவில்லை. ஜனவரியில் உங்கள் தங்கையின் கடைசி ஊர்வலத்துக்கு வந்தபோதும் தெருவிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டீர்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை.

முதலில் உங்களைத்தான் பொறுப்பு எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாளாம். நீங்கள் முடியாது என்றீர்களாம். அதன் பிறகுதான் கம்பெனி. மனுஷன் என்றால் ஒரு நாள் கோபப்படுவான், ஒரு நாள் இரங்கிவிடுவான், ஒரு நாள் செத்தும் போவான், கம்பெனிக்கு இந்த மூன்றும் கிடையாது என்று அந்த அதிகாரிப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். மருத்துவமனையில் ஃபைல் அடுக்குகிற வேலை பார்த்தவள் இல்லையா, எல்லாவற்றுக்கும் ஓர் அட்டையும் நூலும் வேண்டும் அவளுக்கு.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். என் புகார் ஒன்பதாம் பக்கத்தைப் பற்றியது. கம்பெனி அதிகாரி மாதம்தோறும் முதல் புதன்கிழமை நேரில் வர வேண்டும், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் என்னோடு இருக்க வேண்டும், நான் எப்படி இருக்கிறேன் என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும். பத்திரத்தை விளக்கிய அதே பெண்தான் இதுவரை மூன்று தடவை வந்துவிட்டாள். ஒல்லியான பெண், பேனா பிடிக்காமல் பென்சிலில்தான் குறித்துக்கொள்கிறாள். பென்சில் என்றே பெயர் வைத்துவிட்டேன், மனதுக்குள்தான். அடுப்பைப் பார்க்கிறாள், குழாயைத் திறந்து பார்க்கிறாள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்கிறாள். மிச்ச நேரம் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஜாமீனில் வந்தவன்கூடத் தானே ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போடுவான். ஸ்டேஷன் கிளம்பி அவன் வீட்டுக்கு வந்து டீ குடிக்காது.

பதினோராம் பக்கத்தில் உங்களுக்கு ஓர் அதிகாரம் கொடுத்திருக்கிறாள். கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்கலாம், கம்பெனியையே மாற்றலாம், இந்த வருகையை நிறுத்தவும் எழுதிக்கொடுக்கலாம். தயவுசெய்து எழுதிக்கொடுங்கள். நலமாக இருக்கிறேன் என்று மாதாமாதம் ஒரு தாளில் நானே கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். அந்த வேலையில் எனக்கு எவ்வளவு அனுபவம் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

மருமகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

செப்டம்பர் 18

அன்புள்ள மைத்துனருக்கு,

நலம். உங்கள் நலமும் அறிய ஆவல்.

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். மே மாதம் நீங்கள் போட்ட கார்டு கிடைத்தது. "கடிதம் கண்டேன். பத்திரத்தைப் படித்துவிட்டு ஆவன செய்கிறேன்." அவ்வளவுதான் இருந்தது. உங்கள் கையெழுத்து இன்னும் அச்சுக் கோத்த மாதிரியே இருக்கிறது. கார்டை நிலைக்கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்திருக்கிறேன். தினமும் முகச்சவரம் செய்யும்போது படிக்கிறேன்.

ஜூலை மழையில் பின் அறைக் கூரை ஒழுகியது. நானாக இருந்தால் தாரைப் பூசி மூடியிருப்பேன். கம்பெனி மூன்று பேரிடம் விலை கேட்டு, நடுத்தர விலை சொன்னவரைக் கூப்பிட்டு ஓடுகளையே பிரித்து மாற்றிவிட்டது. இதற்கு ஏன் இவ்வளவு என்று கத்தினேன். பென்சில் நிதானமாகச் சொன்னாள்: மட்டமாக ஒட்டுப்போட்டால் நாளைக்கு மருமகளுக்குக் கிடைக்கிற வீடு பாழாகும், தடபுடலாகக் கட்டினால் இன்றைக்கு எனக்கு வருகிற மாதப் பணம் குறையும், இன்றைக்கு இருப்பவரையும் நாளைக்கு வரப்போகிறவரையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டியது அவர்கள் கடமையாம். உங்கள் மகள் பிறந்தபோது நான் வாங்கிக் கொடுத்த தொட்டிலைக் கட்டியிருந்த அறையும் அதுதான். ஓடுகளைத் தட்டிப் பார்த்தேன். வேலை சுத்தம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். பழைய மெக்கானிக்குகள் ஐந்து பேர் காலையிலேயே வந்துவிடுவார்கள், மதியம் வரை அரட்டை, உங்கள் தங்கை மூன்று தடவை டீ போடுவாள். மே மாதம் அதில் ஒருவர் தன் மாப்பிள்ளையின் வேன் கடனுக்கு ஜாமீன் தாள் கொண்டுவந்தார். வீடு என் பெயரில் இல்லை, கம்பெனியைத்தான் கேட்க வேண்டும் என்றேன். அப்படிச் சொல்ல முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது என்று உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்று ஞாயிறு ஆறு டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். என் பேச்சைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று இவ்வளவு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். நாலாவது ஞாயிறு டம்ளர்களை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

மாடியில் இருப்பவர்கள் நல்ல மாதிரி. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். எனக்கு அவர்களைச் செருப்புச் சத்தமாகத்தான் தெரியும். கணவருடைய இடது செருப்பு தேய்ந்துபோயிருக்கிறது. சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், நான் கதவைத் திறப்பதற்குள் போய்விடுகிறார்கள்.

பென்சில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறாள். மரத்தில் பழுத்த பப்பாளி ஒன்றைப் பறித்துக் கொடுத்தேன். பரிசு வாங்கக் கூடாதாம், வாங்கினால் பதிவேட்டில் எழுத வேண்டுமாம். எழுதிக்கொள் என்றேன். அடுத்த மாதம் வந்து, "பப்பாளி ஒண்ணு, ஆஃபீஸ்ல அஞ்சு பேர் சாப்பிட்டோம்னு எழுதி மேலதிகாரி கையெழுத்தும் போட்டுட்டார் சார்" என்றாள். சிரித்துவிட்டேன். ஜனவரிக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன், என் சத்தமே எனக்குப் புதிதாக இருந்தது.

அவர்கள் அலுவலக லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் அடிக்கடி நின்றுவிடுகிறதாம். கதவுப் பூட்டில் மின்சாரம் தொடுகிற காண்டாக்டைத் துடைத்துப் பார்க்கச் சொல் என்றேன். சரியாகிவிட்டது. அதன் பிறகு புதன்கிழமைகளில் சுவரைப் பார்ப்பது நின்று லிஃப்ட் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. லிஃப்டுக்கு மேலே கவர்னர் என்று ஒரு சக்கரம் இருக்கும், பெட்டி தறிகெட்டு இறங்கினால் அது இழுத்துப் பிடித்து நிறுத்திவிடும், உள்ளே நின்று தலை வாருகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்று சொன்னேன். "எங்க கம்பெனியும் அதான் சார்" என்றாள், பெருமையாக. மாதப் பரிசோதனை அட்டையைப் பற்றியும் சொன்னேன். மெஷின் ரூமுக்கு ஏறாமல், டீக்கடையில் உட்கார்ந்தே அட்டையில் கையெழுத்துப் போடுகிற மெக்கானிக்குகள் உண்டு. ஊருக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட நான், அந்த அட்டையில் மட்டும் ஏறிப் பார்க்காமல் ஒரு நாளும் போட்டதில்லை. உங்கள் தங்கைக்கு இது தெரியும். சோற்றுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு கீழே காத்துக்கொண்டிருப்பாள்.

இனி எழுத்து கோணலான கதை. ஜூலைக் கடைசியில் குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டில் விழுந்தேன். துணியைச் சுற்றிக்கொண்டு இருந்துவிட்டேன். ஒன்பது நாள். யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன், ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. ஆகஸ்ட் முதல் புதன் பென்சில் வந்தாள். இடது கையால் டீயை ஊற்றினேன், கொஞ்சம் சிந்தியது. குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டுக் கையைக் காட்டச் சொன்னாள். துணியைப் பிரித்துப் பார்த்தவள் உடனே ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தாள். எலும்பில் விரிசல். கட்டுப்போட்டு முடிய மாலை ஆகிவிட்டது. செலவைக் கம்பெனி பார்த்துக்கொண்டது, அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மணி நேரம் என்றுதானே பத்திரத்தில் எழுதியிருக்கிறது, நீ போம்மா என்றேன். ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்றுதான் இருக்கிறது, கூடக் கூடாது என்று இல்லை என்றாள். போன வாரம்தான் கட்டுப் பிரித்தார்கள். இதுதான் வலது கையால் எழுதும் முதல் கடிதம்.

ஏப்ரலில் நான் எழுதிய விஷயம் பற்றி ஒன்று. அவசரம் ஒன்றும் இல்லை. உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், முழங்கால் வேறு. மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்காவுக்கு என் வணக்கம். மருமகளுக்கு ஆசீர்வாதம். முடிந்தால் இன்னொரு கார்டு போடுங்கள். பழையது நீராவி பட்டு ஓரம் சுருண்டுவிட்டது.

அன்புடன்,
தங்கள் தங்கையின் கணவன்

டிசம்பர் 5

அன்புள்ள மச்சானுக்கு,

பதினோரு வருஷம் கழித்து மச்சான் என்று எழுதியிருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் அந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். ஆனால் மிச்சத்தைப் படித்துவிடுங்கள், கெடு முப்பது நாள்தான் இருக்கிறது.

நேற்று முன்தினம் முதல் புதன். நான் காலையிலேயே வீட்டைப் பெருக்கி, மேசையைத் துடைத்து, இரண்டு டம்ளரை எடுத்து வைத்துவிட்டேன். பென்சில் வந்தாள், உட்கார்ந்தாள், அடுப்பைப் பார்க்கப் போகவில்லை. பையிலிருந்து ஒரு நீள உறையை எடுத்தாள். நீங்கள் கம்பெனிக்கு எழுதிய கடிதமும், அதை வைத்து அவர்கள் தயாரித்த தாளும் உள்ளே இருந்தன. மாதாந்திர நேரடி வருகை நிறுத்தப்படுகிறது, அதற்குப் பதில் நான் கையெழுத்திட்டு அனுப்பும் நலச் சான்று போதும். கீழே இரண்டு கோடுகள். ஒன்றின் மேல் உங்கள் கையெழுத்து, அச்சுக் கோத்த மாதிரி. இன்னொன்று எனக்கு. நான் எங்கே போட வேண்டும் என்று காட்ட ஒரு பெருக்கல் குறியைப் பென்சிலால் போட்டிருந்தாள்.

நீங்கள் தப்புச் செய்யவில்லை, மச்சான். நான் கேட்டேன், நீங்கள் செய்தீர்கள். பத்திரத்தைப் படித்து, முழங்கால் வலியோடு தபாலாபீஸ் போய் அனுப்பியிருக்கிறீர்கள். மெதுவாகப் பாருங்கள் என்று நான் எழுதியதை, இன்னும் செய்யவில்லையா என்று நான் நாசூக்காக இடிப்பதாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். தப்பு என்னுடையது. வேண்டாம் என்று நேராக எழுத என் ரோஷம் விடவில்லை.

அவள் பேனாவை எடுத்து என் பக்கம் வைத்தாள். இதில் போடுங்கள் என்றோ போடாதீர்கள் என்றோ சொல்ல அவளுக்கு அனுமதி கிடையாது. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை தானாகவே போய்ப் பேனாவை எடுத்தது, ஆயுசுப் பழக்கம். மூடியைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரத்தைக் கடத்துவதற்காக ஒன்று கேட்டேன். இந்த வருகை ஏற்பாட்டை உங்களிடம் ஏனம்மா எழுதிவைத்தாள், என் மேல் அவ்வளவு சந்தேகமா என்று.

பென்சில் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அதுக்கு ஒரு விருப்பக் கடிதம் இருக்கு சார்" என்றாள். பத்திரத்தில் சேராததாம். எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், எதற்காக இதைச் செய்கிறேன் என்று பத்திரம் எழுதுகிறவர் கம்பெனிக்குத் தனியாகச் சொல்லிவைக்கும் கடிதம். சட்டம் மாதிரி கட்டுப்படுத்தாது, ஆனால் முடிவு எடுக்கும்போதெல்லாம் அதை எடுத்துப் படிப்பார்களாம். ஏன் என்னிடம் காட்டவில்லை என்று கேட்டேன். "கேட்டா காட்டுங்க, ஆனா கேக்க மாட்டார்னு அவங்க எழுதியிருக்காங்க. நீங்களும் கேக்கல" என்றாள். எடுத்துக் கொடுத்தாள். ஒரே பக்கம். ஃபைல் அட்டையில் எழுதுகிற அதே பொடி எழுத்து. உங்களுக்காக வரிக்கு வரி பார்த்து எழுதுகிறேன்.

"கம்பெனிக்கு. என் கணவருக்குத் தாள் அனுப்ப வேண்டாம். யார் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். நான் நலம் என்று எழுதி நீட்டினால் அதிலும் போட்டுவிடுவார். நேரில் போய்ப் பாருங்கள். அவர் ஏறிப் பார்க்காத லிஃப்டுக்கு ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அவரையும் அப்படிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். என் அண்ணனைக் கேட்டேன். அண்ணனுக்கு மனசு இருக்கிறது, இந்த வாசற்படி ஏறத்தான் மனசு வரவில்லை. இருவரிடமும் நான் கெஞ்சி ஓய்ந்துவிட்டேன். அதனால்தான் பணம் கொடுத்து உங்களைக் கேட்கிறேன். டீ கொடுத்தால் குடியுங்கள். சர்க்கரை அள்ளிப் போடுவார், பொறுத்துக்கொள்ளுங்கள்."

இதைப் படித்துவிட்டு நான் அழுதேன், மச்சான். ஜனவரியிலிருந்து வராதது, ஒரு வேற்று மனுஷியின் முன்னால் வந்துவிட்டது. ஏப்ரலில் உங்களுக்கு எழுதினேனே, மாதாமாதம் நலம் என்று தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்று. அந்தத் தாளை நான் நீட்டுவதற்கு முன்பே அவள் படித்திருக்கிறாள். என்னை நம்பாமல் கம்பெனியிடம் விட்டாள் என்று எட்டு மாதம் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். சமையலறையில் நின்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

பேனாவை மூடி வைத்தேன். இந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவை. ஏதோ பெரிய குற்றம் செய்துவிட்டதைப் போல, பேனாவை அவள் பக்கமே தள்ளி வைத்தேன். பென்சில் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எழுத வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள், தலையை நிமிர்த்தவே இல்லை. பிறகு இரண்டு பேரும் டீ குடித்தோம். சர்க்கரை அதிகமா என்று அன்றுதான் கேட்டேன். பத்து மாதமாக அதிகம்தான் என்றாள்.

இப்போது விஷயம் உங்கள் கையில் இருக்கிறது. என் மறுப்பு மட்டும் போதாதாம். மேற்பார்வை உங்களுடையது என்பதால் முடிவும் உங்களுடையது. முப்பது நாள் காத்திருப்பார்கள். முன்பு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன் என்று நீங்கள் இரண்டு வரி எழுதினால் முதல் புதன் தொடரும். எழுதாவிட்டால் உங்கள் பழைய கடிதப்படி நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்கு அழுகையெல்லாம் கணக்கில் வராது, பத்திரம்தான். அதுவும் சரிதான், அதற்காகத்தானே உங்கள் தங்கை அவர்களைத் தேடிப் போனாள்.

அதனால் கேட்கிறேன். ஏப்ரலில் நான் நலம் என்று எழுதியது பொய். செப்டம்பரிலும் பொய். நான் தனியாக இருக்கிறேன், மச்சான். காலையில் எழுந்து யாரோடும் பேசாமல் சாயந்திரம் வரை இருந்துவிட்டு, தொண்டை வேலை செய்கிறதா என்று ஒரு தடவை கனைத்துப் பார்க்கிறேன். மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் இந்த வீட்டில் இரண்டு டம்ளர் கழுவுகிறேன். அவள் சம்பளத்துக்கு வருகிறவள்தான், எனக்குத் தெரியும். நாளைக்கே அவளை வேறு பிரிவுக்கு மாற்றினால் இன்னொருவர் வருவார். வரட்டும். யாரோ ஒருவர் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் மனையைப் பற்றி நான் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்கம் ஒரு பக்கம். நீங்களாகக் கேட்டால் சொல்லலாம் என்று ஒரு வீம்பு இன்னொரு பக்கம். இந்தக் கடிதத்திலேயே மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன். தாளில் நான் போட்டதெல்லாம் போதும். அதைத் தாளில் கேட்க எனக்கு விருப்பம் இல்லை.

இன்னொரு சின்ன செய்தி. வாசற்படி மூன்றுக்கும் ஒரு கைப்பிடி போட்டுக்கொடுக்கச் சொல்லிக் கம்பெனியிடம் கேட்டிருக்கிறேன். எதற்கு என்று பென்சில் கேட்டாள். முழங்கால் வலிக்கிறவர் ஏறுவதற்கு என்றேன். அடுத்தவர் முழங்காலுக்கு என் பணத்தைச் செலவு செய்ய விதி இல்லையாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, என் மணிக்கட்டுக்கு என்று எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் ஆள் வருகிறார். வலது பக்கம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு வலது முழங்கால்தானே?

அக்காவுக்கு வணக்கம். மருமகள் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அவளுக்கு வரப்போகிற வீட்டை அவள் ஒரு தடவை வந்து பார்க்கவும் வேண்டும்.

கம்பெனிக்கு அந்த இரண்டு வரியை உடனே தபாலில் போட்டுவிடுங்கள். எனக்குத் தாள் அனுப்ப வேண்டாம், மச்சான்.

உங்கள்,
மச்சான்